காக்காவையும் விடாதீங்க... கணக்குல சேருங்க! பருத்திப்பட்டு ஏரியில் பறவை எண்ண 15 நிமிஷம் போதும்

ஆவடி:

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்கள் ஏராளம். தண்ணீரில் மிதப்பதெல்லாம் ‘வாத்து’, கரையில் வெள்ளையாக நின்றால் ‘கொக்கு’. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் அது வேற லெவல்!

ஆவடி - பூந்தமல்லி சாலையை ஒட்டிய இந்த ஏரி சுமார் 87 ஏக்கர். ஒரு காலத்தில் கழிவுநீர் கலந்து வீணாகிக் கிடந்தது. சுமார் ரூ.28 கோடி செலவில் சீரமைத்து, 2019-ம் ஆண்டு பசுமைப் பூங்காவாக திறந்தார்கள்.

யார் யாரு?

கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட மாதிரி ஒன்று நீந்தினால் அது வாத்து இல்லை, நாமக்கோழி. சின்ன உருண்டையாக மிதந்து, ‘டபக்’கென்று மூழ்கி வேறொரு இடத்தில் எழும்புவது முக்குளிப்பான். சிறகை விரித்து வெயிலில் துணி காயப்போடுவது போல நிற்பது நீர்க்காகம். தாடையில் பை தொங்கும் பெரிய பறவை கூழைக்கடா. மண் கலரில் அசையாமல் நின்று, பறக்கும்போது மட்டும் பளீரென்று வெள்ளைச் சிறகு காட்டினால் அது மடையான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வெளிநாட்டு விருந்தாளிகளும் சென்னை ஏரிகளுக்கு வரத் தொடங்கும். சைபீரியா பக்கமிருந்து வரும் நீலச்சிறகு வாத்து அதில் ஒன்று.

பொங்கல் கணக்கெடுப்பு

பொங்கலையொட்டி 4 நாட்கள் தமிழ்நாடு முழுக்க ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ 2015-ல் இருந்து நடந்து வருகிறது. பிப்ரவரியில் உலக அளவில் இன்னொரு 4 நாள் கணக்கெடுப்பும் உண்டு. படிப்பு, வயசு எதுவும் தடையில்லை. பைசா செலவும் இல்லை.

எப்படி எண்ணுவது?

ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நிற்கணும், அல்லது நடக்கணும். பார்த்தது, குரல் கேட்டது என அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதணும். காக்கா, மைனா, புறாவை ‘இது என்ன பெரிய விஷயம்’ என்று விட்டுவிடக் கூடாது. கூட்டமாக இருந்தால் முதலில் 10 பறவையை எண்ணி, அந்த மாதிரி எத்தனை 10 இருக்கிறது என்று கணக்கு போடலாம். பெயர் தெரியாததை ஊகத்தில் எழுதக் கூடாது. செல்போனில் ‘மெர்லின்’ என்ற இலவச ஆப், போட்டோவையோ சத்தத்தையோ வைத்து பெயர் சொல்ல உதவும். எழுதிய பட்டியலை ‘இ-பேர்டு’ இணையதளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது.

காக்காவை எண்ணி என்ன பலன்?

நியாயமான கேள்வி. சிட்டுக்குருவியை எடுத்துக் கொள்ளுங்கள். செல்போன் டவரால் அழிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. சாதாரண ஜனங்கள் அனுப்பிய பட்டியல்களைச் சேர்த்து 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. நாடு முழுக்க பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, சென்னை உள்பட பெருநகரங்களில்தான் குறைந்தது என்று தெரியவந்தது. டவர்தான் காரணம் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. 2023 அறிக்கையில் 942 வகைப் பறவைகள் அலசப்பட்டன. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பிய 3 கோடி பதிவுகள் அதற்கு கைகொடுத்தன.

ஏரிக்கும் இதுதான் பாதுகாப்பு. ஒரு வருஷம் பறவை குறைந்ததும் பதறத் தேவையில்லை. தண்ணீர் நிரம்பி வழிந்தால் சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகள் வேறு இடம் போய்விடும். ஆனால் வருஷக்கணக்கில் குறைந்துகொண்டே வந்தால் ஏரியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ‘முன்னாடி நிறைய வரும் சார்’ என்று வாயால் சொன்னால் எந்த ஆபீசிலும் எடுபடாது. தேதி, நேரம், எண்ணிக்கையோடு பட்டியல் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இதை மறக்காதீங்க!

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடணும். கல் எறியக் கூடாது. போட்டோவுக்காக கூடு பக்கம் போகக் கூடாது. பொரி, பிஸ்கட் போடவே கூடாது. இந்த பொங்கல் லீவில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.