இரண்டு நோய், ஒரே ஊற்று

ஆலுவாவில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டு நண்பருக்குச் சென்ற ஆண்டு கால் வீங்கியது, சிறுநீரும் நுரைத்தது. வயதானால் இப்படித்தான் என்று நாலைந்து மாதம் இருந்துவிட்டார். பிறகு சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்ததில் 'அமிலாய்டோசிஸ்' என்றார்கள். எலும்பு மஜ்ஜையைச் சோதித்ததில் 'லிம்ஃபோமா' என்னும் நிணநீர்ப் புற்றுநோயும் தெரிந்தது. "ஒரு இடி போதாதென்று இன்னொன்றா அண்ணா?" என்று அவர் மனைவி கண்கலங்கினார். நான் டாக்டர் அல்ல, ரயில்வேயில் இன்ஜின் பார்த்தவன். டாக்டரிடம் கேட்டும் படித்தும் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

நீராவி இன்ஜின் பாய்லரில் உப்புத் தண்ணீர் விட்டால் குழாய்களில் உப்பு படியும். எத்தனை முறை சுரண்டினாலும், வருகிற தண்ணீரைச் சரிசெய்யாவிட்டால் மறுபடியும் படியும். அமிலாய்டோசிஸும் அப்படித்தான். தவறாக மடிந்த புரதம் இதயம், சிறுநீரகம், ஈரல், நரம்பு ஆகியவற்றில் படிந்து அவற்றை விறைக்கச் செய்கிறது. அயோடின் பட்டால் மாவுப்பொருள் போல் நிறம் மாறியதால், 1854-இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ஃகோ இதற்கு 'அமிலாய்டு' என்று பெயரிட்டார். இன்று 'காங்கோ சிவப்பு' சாயமேற்றித் தனிவகை ஒளியில் பார்க்கிறார்கள். ஆப்பிள் பச்சை நிறம் தெரிந்தால் அது அமிலாய்டு.

அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது? இதில் பல வகை உண்டு. நண்பருக்கு வந்த வகையில், நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டான 'இலேசான சங்கிலி' படிகிறது. பெரும்பாலோருக்கு அதைச் சுரப்பவை மஜ்ஜையின் பிளாஸ்மா அணுக்கள். நூற்றில் பத்துக்கும் குறைவானவர்களுக்கு லிம்ஃபோமா அணுக்களே சுரக்கின்றன. 1944-இல் ஸ்வீடன் மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த நோய் இவற்றில் முக்கியமானது. ஆகவே நண்பருக்கு வந்தது ஒரே இடிதான். லிம்ஃபோமா ஊற்று, அமிலாய்டு அதன் படிவு.

ஆனால் எல்லோருக்கும் இப்படி என்று முடிவுகட்டக் கூடாது. வயதானவர்களுக்கு வேறொரு புரதமும் இதயத்தில் படிவதுண்டு; அதற்கு மருந்து வேறு. எனவே படிந்தது எந்தப் புரதம் என்று உறுதிசெய்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும்.

ஊற்றை அடைக்கவே மருந்து தருகிறார்கள். புதிய புரதம் வருவது நின்றால், பழைய படிவை உடல் மெல்லக் கரைக்க முயலும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். இதயம் மிகவும் கெட்டபின் வந்தால் டாக்டருக்கும் கைகட்டிய நிலைதான்.

அதனால் அன்பர்களே, சிறுநீரில் அடங்காத நுரை, கால் வீக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு, கைகால் மரத்தல், நாக்குத் தடித்தல், கண்ணைச் சுற்றிக் கன்றிய நிறம் இவை தொடர்ந்தால் 'வயது', 'சர்க்கரை' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதலில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். அது அதிகச் செலவில்லாத சோதனை.

நண்பருக்கு மருந்து நடக்கிறது. வீக்கம் குறைந்திருக்கிறது. மாலையில் பெரியாற்று மணப்புறம் வரை என்னோடு நடந்து வருகிறார்.