பட்டறைக்குள் காற்று

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர், பாடாலூர் பக்கம் வெங்காயம் எடுத்து முடிந்ததும் வயலோரத்தில் பட்டறை எழும். தரையில் கல்லை வரிசையாக வைத்து, அதன்மேல் கம்புகளைப் பரப்பி, இரு பக்கமும் குச்சிகளால் அடைத்து, நடுவில் உலர்ந்த சின்ன வெங்காயத்தைத் தாளோடு அடுக்குவார்கள். மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்வார்கள். தமிழ்நாட்டில் சின்ன வெங்காய விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் பெரம்பலூர். 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போயின. வெங்காயமும் அதைக் காக்கும் இந்த ஓலைப் பட்டறையும் பெரம்பலூரோடு தங்கின.

குறைந்த செலவுத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் பட்டறையின் பெயர் வருவதே இல்லை. ஆனால் சேமிப்பு அறிவியல் சொல்லும் முக்கியமான விதிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பட்டறை எவ்வளவு நீளமாகவும் போகலாம், அகலம் மட்டும் கூடக் கூடாது. அகலம் கூடினால் நடுவில் கிடக்கும் வெங்காயத்துக்குக் காற்று எட்டாது. அடியில் கல் வைப்பது மண்ணின் ஈரம் ஏறாமல் தடுக்கவும், கீழிருந்து காற்று நுழையவும்தான். தாளை வெட்டாமல் விடுவதற்கும் காரணம் உண்டு. காய்ந்து சுருங்கிய தாள் கழுத்தை இறுக்கி மூடிவிடும். பூஞ்சணம் வெங்காயத்துக்குள் புகும் வாசலே அந்தக் கழுத்துதான்.

பறித்த பிறகும் வெங்காயம் உயிரோடுதான் இருக்கிறது. அதன் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். அது மூச்சு விடுகிறது, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே தள்ளுகிறது. அந்த ஈரம் குவியலுக்குள்ளேயே தங்கினால் அழுகல் தொடங்கும். காற்று மிகவும் வறண்டால் வெங்காயம் வற்றி எடை குறையும். உறக்கக் காலம் முடிந்தால் முளைவிடும். இந்த மூன்று இழப்புகளுக்கும் நடுவில்தான் விவசாயி இரண்டு மூன்று மாதத்தைக் கடத்த வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் அது இன்னும் கடினம்.

மழைக்குப் பிறகு பட்டறையின் ஓலையைத் தூக்கிப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். நல்ல வெங்காயம் உலர்ந்த தோலோடு சலசலக்கும். கெட்டதன் வெளித்தோலுக்கு அடியில் கரித்தூள் போலக் கறுப்பு படிந்திருக்கும். அது கரும்பூஞ்சணம், தொட்டால் விரலில் ஒட்டும். அடிப்பக்கம் விரலுக்கு மெத்தென்று அமுங்கினால் அழுகல் உள்ளே போய்விட்டது. அந்த ஒன்றை எடுத்து எறியாவிட்டால் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் நனைந்து கெடும். பட்டறை ஒடுக்கமாக இருப்பதன் இன்னொரு நன்மை இங்கே தெரிகிறது: இரு பக்கமிருந்தும் கை எட்டும், பொறுக்கி எடுக்கலாம்.

எளிய கண்டுபிடிப்பு என்றதும் உலகம் முழுவதும் காட்டப்படும் உதாரணம் ஈரப்பானை. நைஜீரியாவின் முகமது பா அப்பா 1990-களில் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பிக் காய்கறியைக் குளிர்வித்தார். குஜராத்தின் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணில் மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டியே செய்தார். தக்காளிக்கும் கீரைக்கும் இவை அருமையானவை. வெங்காயத்தை உள்ளே வைத்தால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும், ஏனென்றால் இவை ஈரத்தைக் கூட்டித்தான் குளிர்ச்சி தருகின்றன. ஒரு கருவி மலிவாக இருப்பது மட்டும் போதாது, காக்க வேண்டிய பொருளின் இயல்புக்கும் அது ஒத்துப்போக வேண்டும்.

கதிர்வீச்சும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த நிலையம் 2002-இல் திறக்கப்பட்டது. அங்கே சிறிய அளவு காமா கதிரைச் செலுத்தி வெங்காயம் முளைவிடாமல் தடுக்கிறார்கள். சமையலுக்குப் போகும் பெரிய வெங்காயத்துக்கு அது சரியான வழி. பெரம்பலூர்ப் பட்டறையில் கிடப்பதோ பெரும்பாலும் விதை வெங்காயம். அடுத்த பட்டத்தில் நடுவதற்கென்றே வைத்தது முளைக்காமல் போனால் வைத்ததற்கே பொருளில்லை. வேண்டிய நாள் வரை உறங்கி, நட்ட பிறகு விழித்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தக்க கருவியைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெங்காயச் சேமிப்புக்கும் பதப்படுத்தலுக்கும் புதிய யோசனைகள் கேட்டு நாடு தழுவிய போட்டி அறிவித்தது. அழுகும் வெங்காயம் விடும் வாயுவை மோப்பம் பிடித்துக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் உணரிகளும் நாசிக் பக்கம் சோதிக்கப்பட்டுள்ளன. பல டன் அடைத்த பெரிய கிடங்கில் எந்த மூலையில் அழுகல் தொடங்கியது என்று மூக்கால் அறிய முடியாது. அங்கே உணரி வேண்டும். ஆள் உயரப் பட்டறைக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றே நிறைய உதவும். எந்த நாளில் ஓலையை விலக்கிக் காற்றோட விட வேண்டும், எந்த நாளில் மூடியே வைக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

பட்டறையே தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும். எக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ விதை வெங்காயம் நட வேண்டிய இடத்தில் 2.5 கிலோ விதை போதும். விதைச்செலவு பெருமளவு மிச்சம். ஆனால் நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பறித்து நட வேண்டும். நாளும் ஆளும் கூடுதல். வெங்காயத்தை ஊன்றினால் எழுபது நாள் அளவில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால் பலரும் பழைய வழியையே விரும்புகிறார்கள். இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. கிணற்றுத் தண்ணீரை நம்பி நடுபவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு.

விலையும் சேர்ந்து ஆட்டம் காட்டுகிறது. 2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, பெரம்பலூர்ப் பகுதியில் விதைக்கு வைத்திருந்த வெங்காயமே திருடுபோனது. 2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம்தான் நீக்கியது. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகும் சின்ன வெங்காயமும் அதில் மாட்டியது. நல்ல விலைக்காகக் காத்திருப்பவருக்குப் பட்டறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த அடியிலிருந்து காக்காது.

குறைந்த செலவு வெங்காயக் கிடங்குக்கு ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் 2014-இல் வகுத்த நெறிமுறை இப்படி இருந்தது: 25 டன் கொள்ளளவு, 1.75 லட்சம் ரூபாய் மதிப்பீடு, அதில் பாதி, அதாவது 87,500 ரூபாய், மானியம். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 7 ரூபாய். ஆண்டுக்கு இருமுறை நிரப்பிப் பத்து ஆண்டு புழங்கினால், பராமரிப்பு நீங்கலாக ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 35 பைசாதான் விழுகிறது. வெங்காயம் கிலோ 30 ரூபாய்க்கு விற்கும் நாளில் பத்தில் ஒரு பங்கு அழுகினாலே, மிஞ்சிய ஒவ்வொரு கிலோவின் தலையிலும் 3 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். நல்ல கிடங்கு தன் செலவை விரைவில் மீட்டுவிடும் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு அடுத்த நடவுக்கு வேண்டியது, கழிவையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன். 25 டன் கிடங்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. அவருக்கு வேண்டியவை கரையான் அரிக்காத கால்கள், குச்சிக்குப் பதில் கம்பி வலை, சாரல் அடிக்காதபடி இரு பக்கமும் நீண்டு இறங்கும் கூரை. தகரம் மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே வெந்துவிடும். அதன்மேல் கீற்றும் வேண்டும். மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் வாலிகண்டபுரத்தில் இருக்கிறது. செட்டிகுளத்துப் பட்டறை ஒன்றையும், இப்படித் திருத்திய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க எடை போட்டுப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.