ஸ்டிக்கர் ஒட்டியவர் பொறுப்பேற்கிறாரா?

ஏ.சி.யின் வெளி யூனிட், ஆர்.ஓ. இயந்திரம், இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி என்று வீட்டில் பழுது பார்க்கப்பட்ட எந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படும். கடைப் பெயர், செல்போன் எண், கீழே 'சேல்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று ஒரு வரி. பழைய ஸ்டிக்கரின் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக ஒட்டிய பெட்டிகளும் உண்டு. வந்தவர் வேலை முடிந்ததும் ஒட்டிவிட்டுப் போகிறார். நாமும் எதுவும் கேட்பதில்லை. அடுத்த முறை பழுதானால் அந்த எண்ணைத்தான் கூப்பிடுகிறோம்.

கைக்கடக்கமான இந்தத் தாளோடு நம் பணம், பாதுகாப்பு, சட்ட உரிமை மூன்றுமே சம்பந்தப்பட்டிருக்கின்றன. அது நமக்கு எப்போது துணை நிற்கும், எப்போது நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயரும் எண்ணும் போதாது

ஸ்டிக்கர் ஒட்டுவது தவறான வழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனியாகக் கடை போட வசதியில்லாத மெக்கானிக்குக்கு அதுதான் பெயர்ப்பலகை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடைக்காரர்களில் சிலர் கடைப் பெயரோடு காயில் கட்டிய தேதியையும் மோட்டார் மேலேயே பெயின்ட்டால் எழுதிக் கொடுப்பார்கள். மறுபடி காயில் எரிந்தால், எத்தனை மாதம் ஓடியது என்று இரு தரப்புக்கும் தகராறு வராது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தீயணைப்பு சிலிண்டரில் கடைசியாக நிரப்பிய தேதியும் அடுத்து நிரப்ப வேண்டிய தேதியும் எழுதிய ஸ்டிக்கர் இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் அது விளம்பரம். தேதியும் செய்த வேலையும் சேர்ந்தால்தான் அது பொறுப்பேற்பு. எனவே ஸ்டிக்கரில் நான்கு விவரங்கள் இருக்கும்படி கேளுங்கள்: யார் செய்தது, என்றைக்குச் செய்தது, என்ன செய்தது அல்லது எந்தப் பாகத்தை மாற்றியது, எத்தனை நாள் கேரண்டி. மின்வேலை என்றால் உரிம எண்ணையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் மின் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமமும் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றும் வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

மறைக்கக் கூடாத இடங்கள்

மெக்கானிக் எந்த இடத்தில் ஒட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மின்சாதனத்திலும் கம்பெனி ஒட்டிய விவரத் தகடு ஒன்று இருக்கும். மாடல் எண், சீரியல் எண், வோல்டேஜ், எத்தனை வாட்ஸ் போன்றவை அதில் இருக்கும். வாரண்டி கேட்கப் போனால் முதலில் கேட்பது சீரியல் எண்ணைத்தான். இன்வெர்ட்டர் பேட்டரியில் அந்த எண் மறைந்தாலோ, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டும்போது அதுவும் சேர்ந்து அழிந்தாலோ வாரண்டி பெறுவது பெரும்பாடு.

ஏ.சி., ஃப்ரிட்ஜ் இரண்டிலும் இந்தத் தகடு உயிரோடு சம்பந்தப்பட்டது. உள்ளே இருப்பது என்ன கேஸ், எத்தனை கிராம் என்பது அதில்தான் எழுதியிருக்கும். பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 தீப்பற்றாத கேஸ். இப்போதைய ஏ.சி.கள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில ஏ.சி.களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன். புதிய ஃப்ரிட்ஜ்களில் பரவலாக உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். இரண்டும் சமையல் கேஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை, எளிதில் தீப்பிடிக்கும். இந்த வகை ஃப்ரிட்ஜ்களின் கம்ப்ரஸர் அருகே மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் போட்ட எச்சரிக்கை இருக்கும். அதன் மேல் ஒருவர் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் விவரம் தெரியாமல் குழாயில் பற்றவைப்பு வேலையைத் தொடங்கிவிடலாம். விபத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. கேஸின் அளவும் அப்படித்தான். தகட்டில் சொன்ன கிராமுக்குக் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் ஏறும், கம்ப்ரஸர் கெடும்.

ஏ.சி., ஃப்ரிட்ஜின் நட்சத்திர லேபிள், கேஸ் டியூப்பில் அச்சிட்ட காலாவதி விவரம், தீயணைப்பு சிலிண்டரின் அழுத்தமானி, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சின் 'டெஸ்ட்' பொத்தான் ஆகிய எதையும் ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. ஏ.சி., ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் காற்றுத் துவாரங்களில் ஒட்டினால் சூடு வெளியேறாது.

எண்ணை நம்பி ஏமாறும் விதம்

சில ஸ்டிக்கர்களில் பிரபல கம்பெனியின் பெயரும் முத்திரையும் பெரிதாக இருக்கும். ஒட்டியவரின் சொந்தப் பெயர் எங்கேயும் இருக்காது. பார்ப்பவர் அதைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்றே நம்பிவிடுவார். வாரண்டி காலத்தில் உள்ள பொருளை அந்த எண்ணுக்குச் சொல்லி வெளி ஆளை வரவழைத்துத் திறக்கவிட்டால், 'அங்கீகாரம் இல்லாதவர் கை வைத்துவிட்டார்' என்று கம்பெனி வாரண்டியை மறுக்க வாய்ப்பாகிவிடும். வாரண்டி அட்டைகளில் இந்த நிபந்தனை பெரும்பாலும் இருக்கிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் இன்னொரு தொல்லை. நம் வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போனவரிடமிருந்து, 'ஃபில்டர் மாத்துற டைம் வந்துடுச்சு சார்' என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வந்தவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டிப் பயமுறுத்துவதும் நடக்கிறது. அந்தப் பழுப்பு பெரும்பாலும் இரும்புக் கம்பி கரைவதால் வருவது. அது தண்ணீரின் தரத்தைக் காட்டும் சோதனை ஆகாது.

கேஸ் அடுப்பு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'ஏஜென்சியிலிருந்து செக்கிங் வந்திருக்கிறோம்' என்று யார் சொன்னாலும் அடையாள அட்டையைக் கேளுங்கள். கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்கு நீங்களே பேசி உறுதி செய்த பிறகு உள்ளே விடுங்கள். கேஸ் கசிவு என்றால் ஸ்டிக்கர் எண்ணைத் தேட வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

ஸ்டிக்கர் எண் வேலை செய்யவில்லை என்று இணையத்தில் 'கஸ்டமர் கேர்' தேடுவதும் ஆபத்து. போலி எண்களைப் போட்டுவைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் என்று ஒரு லிங்க் அனுப்பினாலோ, போன் திரையைப் பகிரும் செயலியைப் பதிவிறக்கச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ உடனே இணைப்பைத் துண்டியுங்கள். சரியான எண், பொருளோடு வந்த பில்லிலும் வாரண்டி அட்டையிலும் கையேட்டிலும் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பணம் கொடுத்துப் பெறும் பழுதுபார்ப்பையும் சேவையாகவே கொள்கிறது. அதில் நமக்குப் பயன்படும் பகுதிகள் இவை.

சட்டத்தின் 2(1) பிரிவு, விளம்பரம் என்பதில் லேபிளையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டும் ஸ்டிக்கர், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிவிடும். பிறருடைய முத்திரையைப் பொய்யாகப் பயன்படுத்துவது வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் 103-ஆம் பிரிவின்படியும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு.

செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதையும், நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குக் கொடுப்பதையும் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக முறை என்கிறது. உங்கள் செல்போன் எண்ணை ஒரு மெக்கானிக் ஊரெல்லாம் விற்பது சாதாரண விஷயம் கிடையாது.

குறைபாடான பழுதுபார்ப்பால் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், அந்தச் சேவையைச் செய்தவரிடம் இழப்பீடு கேட்க 85-ஆம் பிரிவு வழி செய்கிறது. தேவையான எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டதும் இதில் அடங்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பொருள் உங்களுடையது. 'இங்கே ஒட்டாதீர்கள்' என்று சொல்லவும், ஒட்டியதை எடுக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. கம்பெனியின் விவரத் தகட்டையும் எச்சரிக்கை லேபிளையும் வாரண்டி சீலையும் மட்டும் தொடாதீர்கள்.

புகார் எங்கே, எப்படி

பிரச்சினை வந்ததும் கோபத்தில் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வேலை செய்தவர் யார் என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் ஸ்டிக்கரையும் பழுதையும் போட்டோ எடுங்கள். பில், யூ.பி.ஐ. பணப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கழற்றிய பழைய பாகம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிறகு வேலை செய்தவருக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுங்கள். பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் பலன் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கட்டணம் செலுத்திய பொருள், சேவை குறித்த வழக்குகளை அது விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

போலி எண்ணிடம் பணத்தை இழந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

தொழில் செய்பவர்களுக்கு

மெக்கானிக் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கம்பெனித் தகட்டையும் எச்சரிக்கைப் படத்தையும் விட்டு ஒதுங்கி ஒட்டுங்கள். அடுத்து வந்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது உங்களைப் போன்ற ஒரு தொழிலாளிதான், அவர் உயிரும் அதில் இருக்கிறது. வேறொருவர் எழுதிய சர்வீஸ் தேதியை மறைக்காதீர்கள். தேதியும் வேலை விவரமும் எழுத இடம் விட்டு ஸ்டிக்கர் அடியுங்கள். பெரிய கம்பெனியின் பெயரைக் கடன் வாங்காமல் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்கு அந்தப் பெயர்தான் அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டுச் சாதனங்களின் கம்பெனித் தகடுகளைப் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். தகட்டை மறைக்கும் ஸ்டிக்கர் இருந்தால், அதையும் படம் எடுத்துக்கொண்டு, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்துவிடுங்கள். இனிமேல் யார் வந்து வேலை செய்தாலும் பணம் கொடுக்கும் முன் ஸ்டிக்கரில் தேதியை எழுதச் சொல்லுங்கள். கையில் பில்லை வாங்குங்கள்.