உஷார்! நீலமாக எரிந்தால் போதாது, கேஸ் கீசரின் புகையை அளக்கச் சொல்லுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டதும் சென்னைப் புறநகரின் சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் வீடுகளில் முதலில் அடைபடுவது பாத்ரூம் வென்டிலேட்டர்தான். சாரல் ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். கண்ணாடிப் பட்டைகளின் மேல் பழைய ஃபிளெக்ஸ் துண்டையோ தெர்மாகோலையோ வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவார்கள். அதே பாத்ரூமில் ஷவருக்கு மேலே, சிலிண்டரிலிருந்து டியூப் இழுத்து மாட்டிய கேஸ் கீசரும் இருக்கிறதா? அப்படியானால் அங்கே இனி யாரும் குளிக்க வேண்டாம். இன்றே நிறுத்துங்கள்.

2023 மார்ச்சில் ஹோலி கொண்டாடிவிட்டு வந்த தம்பதி, மும்பை காட்கோபரில் தங்கள் வீட்டு பாத்ரூமில் இறந்து கிடந்தார்கள். சந்தேகம் கேஸ் கீசர் மேல் விழுந்தது. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாப்பட்டணத்தில் குளிக்கப் போன அக்காவும் தங்கையும் உயிரோடு வெளியே வரவில்லை. அங்கேயும் கேஸ் கீசர்தான். நம் ஊரில் கீசர் வேலை செய்யும் விதமும் அதுவே, பாத்ரூமின் அளவும் அதுவே.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடி உள்ள பாத்ரூமில் இருக்கும் காற்று சுமார் 9 கனமீட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் பத்து நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 150 கிராம் கேஸை எரிக்கும். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரிய 12 கனமீட்டர் காற்று வேண்டும். அப்படியென்றால் ஒரு ஆள் குளித்து முடிப்பதற்குள் அறைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கின் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. 21 சதவீதம் இருந்தது 17க்கு வந்து நிற்கும். அதற்கு முன்பே பர்னர் திணற ஆரம்பித்துவிடும். கேஸ் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு வெளியே வரும். அடுத்த ஆள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவது அந்தக் காற்றுக்குள்தான்.

சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அதில் வேண்டுமென்றே வாடை கலந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவானது. காற்றில் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு, இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 6,400 பிபிஎம் ஆனால் கால் மணி நேரத்துக்குள் உயிரே போகும். கால் துவண்டு விழுந்தவரால் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது.

இப்போது மாட்டும் நாளுக்கு வருவோம். டெக்னீஷியன் வருகிறார், ஆணி அடிக்கிறார், டியூப் சொருகி கிளிப் போடுகிறார், குழாயைத் திறக்கிறார். ‘டப்’பென்று பற்றிக்கொள்கிறது. “நீலமா எரியுது பாருங்க சார், ஒண்ணும் பிரச்னை இல்ல.” அதோடு சோதனை முடிந்தது! நீலச் சுடரிலும் மோனாக்சைடு இருக்கலாம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதோடு அவர் பார்த்தது கதவு திறந்திருந்த பாத்ரூமில், முதல் இரண்டு நிமிடம் மட்டும்.

லண்டனில் இருக்கும் உங்கள் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே வீட்டை வெப்பமாக்குவது கேஸ் பாய்லர். இன்றைய உயர்திறன் பாய்லர்கள் புகையின் சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்பவை. கேஸும் காற்றும் கலக்கும் விகிதம் கொஞ்சம் பிசகினாலும் மோனாக்சைடு எகிறிவிடும். அதனால் 2014 ஏப்ரல் முதல், அவற்றை முதன்முதலாக ஓட்டும்போதே ஃப்ளூ கேஸ் அனலைசர் வைத்துப் புகையை அளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கருவியைத் திறந்த வெளியில் ஆன் செய்து, நல்ல காற்றில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே உள்ளே எடுத்துப் போவார்கள். வீட்டுக்குள் ஆன் செய்தால், உள்ளே ஏற்கெனவே இருக்கும் விஷத்தையே அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு புகைக்குழாயில் குச்சியைச் சொருகி, முழு வேகத்தில் ஒரு முறையும் குறைந்த வேகத்தில் ஒரு முறையும், எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து படிக்கிறார்கள். மோனாக்சைடு 350 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். அதை கார்பன் டை ஆக்சைடால் வகுத்தால் 0.004ஐத் தாண்டக் கூடாது. டை ஆக்சைடு 9 சதவீதம், மோனாக்சைடு 90 பிபிஎம் என்றால் விகிதம் 0.001. அது நல்ல பாய்லர். தாண்டினால் கேஸை மூடிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

நம் கீசரின் பர்னர் அவ்வளவு நுணுக்கமானது இல்லைதான். ஆனால் அந்த பாய்லரின் புகை குழாய் வழியாகத் தெருவுக்குப் போகிறது, நம் கீசரின் புகை குளிக்கிறவர் முகத்துக்கு வருகிறது. அளந்து பார்க்க வேண்டிய கட்டாயம் நமக்குத்தான் அதிகம். ஹாஸ்டல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று பெரிய கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் முதல் நாளே அந்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். மெஷினுக்கு லட்சம் கொடுப்பவர்கள் இதைக் கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு ஆபத்து இப்போதுதான் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. குழாய் எரிவாயு புறநகர்களுக்கும் வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே அளவு எல்.பி.ஜி.யில் இருக்கும் வெப்பம் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கேஸ் பாயும் துளையான ஜெட் எல்.பி.ஜி.க்குச் சின்னது, இயற்கை எரிவாயுவுக்குப் பெரியது. பைப்லைன் இருந்த ஃபிளாட்டில் பெரிய ஜெட் போட்ட கீசரைக் கழற்றிக்கொண்டு வந்து, பெருங்களத்தூர் வாடகை வீட்டில் சிலிண்டரோடு இணைத்தால் என்ன ஆகும்? பர்னருக்குள் தேவைக்கு இரண்டு மடங்கு கேஸ் பாயும். சுடர் மஞ்சளாக நீளும், மூடியின் மேல்விளிம்பில் கரி படியும், மோனாக்சைடு கொட்டும். வீடு மாறும்போது கீசரைத் தூக்கிப்போகிறவர்கள், எந்த கேஸுக்கான ஜெட் உள்ளே இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி விட்டு ஜெட்டின் துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கீசரை பாத்ரூமுக்கு வெளியே, பால்கனியிலோ பின்கட்டிலோ திறந்த காற்றில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். போர் தண்ணீர் உப்பு கரன்ட் கீசரின் காயிலைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் கேஸுக்கு மாறினோம் என்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மாறுங்கள், ஆனால் வெளியே வையுங்கள். வாடகை வீட்டில் சுவரை உடைக்க ஓனர் சம்மதிக்கவில்லையா, அடுப்பில் பானை வைத்து வெந்நீர் போட்டு பக்கெட்டில் எடுத்துப் போங்கள். எங்கே மாட்டினாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பாதீர்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அது சுற்றிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது.

குளித்துவிட்டு வந்தவர் தலை கனக்கிறது, குமட்டுகிறது என்றால் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே இருப்பவர் கூப்பிட்டும் பதில் தராவிட்டால் கதவை உடையுங்கள், கேஸை மூடுங்கள், அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று வெளியே வர வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள்; மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்றே அது படிக்கும். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் முதல் வார்த்தையாக, “பாத்ரூம்ல கேஸ் கீசர் ஓடிக்கிட்டிருந்தது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் அவர் கார்பாக்சிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, உடனே முழு ஆக்சிஜன் வைப்பார்.