உயிரை உண்டாக்க முயன்ற விஞ்ஞானி

நாமக்கல் கோழிப் பண்ணைகளில் இருந்து லாரி லாரியாக முட்டை போகிறது. சேவல் சேராத முட்டையின் மஞ்சள் கருவில் எத்தனை உயிரணுக்கள் தெரியுமா? ஒன்றே ஒன்றுதான்!

கோழி எளிதாகச் செய்வதை மனிதன் செய்ய முடியுமா?

"முடியும்" என்று நம்பினார் ஓர் இந்தியர். அவர் பெயர் கிருஷ்ண பகதூர். அலகாபாத் பல்கலைக் கழகத்தில் ரசாயன ஆசிரியர்.

வெயிலில் வைத்த குடுவை

மாலிப்டினம் முதலிய சில உப்புகளைத் தண்ணீரில் கரைத்தார். பார்மால்டிஹைடு என்ற மருந்தைச் சேர்த்தார். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெயிலில் வைத்தார்.

பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்ன அதிசயம்! சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. அவற்றைச் சுற்றித் தோல் போன்ற உறை இருந்தது. அவை வளர்கின்றன, மொட்டு விட்டுப் பெருகுகின்றன என்று அறிவித்தார். 1963-ல் "ஜீவாணு" என்று பெயரும் சூட்டினார்.

உயிரா, இல்லையா?

விஞ்ஞான உலகம் உடனே ஒப்பவில்லை. அமெரிக்காவின் "நாசா" நிலையத்தில் இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர், இலங்கையில் பிறந்த சிரில் பொன்னம்பெருமா. "ஜீவாணுவின் தன்மை இன்னும் தெளிவாகவில்லை" என்பதே 1967-ல் அவர்கள் கண்ட முடிவு.

பகதூர் மனம் தளரவில்லை. ரங்கநாயகி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

2010-ல் அமெரிக்காவில் கிரெக் வென்டர் குழுவினர் மரபுப் பொருளைச் செயற்கையாகச் செய்து, ஒரு கிருமிக்குள் புகுத்தினார்கள். கிருமி பெருகியது. ஆனால் அதன் உடல் இரவல்!

முழு உயிரணுவையும் புதிதாகச் செய்தவர் இன்றுவரை யாரும் இல்லை. கோழியிடம் மனிதன் இன்னும் பாடம் கேட்டுக் கொண்டிருக்கிறான்!