உருகும் மண்ணில் ஒரு துறைமுகம்

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 70. மேலே விளையும் மிளகும் காபியும் பலாவும் இந்த வளைவுகளில் சுற்றித்தான் நாமக்கல் பக்கம் இறங்குகின்றன. மழைக்காலத்தில் ஏதாவது ஒரு வளைவில் மண் சரிந்துவிட்டால் மேலே இருக்கிற ஊர்களில் கடைச் சாமான் கணக்கே மாறிப்போகும். மலைச்சாலை போடுகிறவர்களுக்கு முதல் கவலை, சரிவில் இறங்கும் தண்ணீரை எங்கே திருப்பிவிடுவது என்பதுதான். தாரும் ஜல்லியும் அதற்கு அப்புறம். கடலே கண்ணில் படாத இந்த மலையில் இருந்துகொண்டு ஆர்க்டிக் துறைமுகங்களைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது இந்தக் கவலைதான். அங்கேயும் முதல் கேள்வி, காலுக்குக் கீழே இருக்கும் மண் நாளைக்கும் அப்படியே இருக்குமா என்பதே.

துறைமுகம் என்றால், சரக்கு ஏற்றிய கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழ்கிறதோ, அதைவிடக் கூடுதலான ஆழம் கரையோரத்திலேயே வேண்டும். பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு அது சுமார் 16 மீட்டர். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அந்த ஆழம் இயற்கையாகவே இருக்கிறது. சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து போய் ஆளையும் மூட்டையையும் கரை சேர்க்கும்.

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவில் உள்ள இக்கலுவிட் நகரம் அண்மைக்காலம் வரை ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்தது. வெளியூரோடு அதை இணைக்கும் சாலை கிடையாது. கடல் திறந்திருக்கும் சில மாதங்களில் சரக்குக் கப்பல்கள் வந்து தள்ளி நிற்கும். அங்கே கடல் ஏறி இறங்கும் உயரமே பல மீட்டர். நீர் ஏறும் நேரம் பார்த்துத் தட்டையான மிதவைகளில் அரிசி, மாவு, வண்டி, வீட்டுச் சாமான் எல்லாம் கரைக்குத் தள்ளப்படும். 2023-இல்தான் அந்த ஊருக்கு ஓர் ஆழ்கடல் துறைமுகம் வாய்த்தது.

1979-இலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. 2012 செப்டம்பரில் அங்கே கடற்பனியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1980-களில் அதே மாதத்தில் அதன் இரு மடங்கு இருந்தது. பனி விலகினால் கப்பல் சுலபமாகப் போகும், துறைமுகம் கட்டுவதும் எளிது என்று தோன்றும். கட்டப் போனால்தான் சிக்கல் தெரியும்.

முதல் சிக்கல் மண்ணில். அங்கே நிலம் பல மீட்டர் ஆழத்துக்கு ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும். உறைந்திருக்கும்வரை பாறைபோல் தாங்கும், உருகினால் சேறு. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் உள்ள சர்ச்சில் துறைமுகத்துக்கு 1929-இலேயே ரயில் போய்விட்டது. உறைநிலத்தின் மேல் கிடந்த அந்தத் தண்டவாளம் 2017 மே மாத வெள்ளத்தில் பல இடங்களில் அரித்துப்போக, ஒன்றரை ஆண்டு ரயிலே ஓடவில்லை. ஊருக்கு உணவு விமானத்தில் வந்தது. துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. அதற்குப் போகும் வழி இல்லை.

மண்ணை உறைந்த நிலையிலேயே வைத்திருக்க ஓர் அழகான கருவி உண்டு. மூடிய குழாய் ஒன்றில் அம்மோனியா போன்ற, எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்துப் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் மண்ணைவிட மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். அடியில் உள்ள திரவம் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலேறும். குளிர்ந்து திரவமாகி மறுபடி கீழே வழியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் மேலே சூடாக இருப்பதால் சுழற்சி தானாக நின்றுவிடும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் தடத்தைத் தாங்கும் தூண்களில் இப்படி லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் நிற்கின்றன. ஆனால் இந்த வித்தை முழுக்கக் குளிர்காலத்தை நம்பியது. குளிர்காலமே இளகிப்போனால் இதன் வலுவும் குறையும்.

இரண்டாவது, அலை. இலையுதிர் காலப் புயல்கள் வரும்போது முன்பெல்லாம் கடற்பனி கரைக்குக் கேடயமாக இருந்தது. இப்போது அந்த மாதங்களிலும் திறந்த கடல். அலாஸ்காவின் நோம் துறைமுகத்தை ஏறக்குறைய 22 அடியிலிருந்து 40 அடியாக ஆழப்படுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த ஊரை 2022 செப்டம்பரில் மெர்போக் சூறாவளியின் மிச்சம் வந்து தாக்கிக் கடல்நீரை உள்ளே விட்டது. சென்னை இதை முன்பே பார்த்திருக்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. திரும்பக் கட்டியபோது கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடைப்பட்டுத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. கடலுக்குள் ஒரு சுவர் நீட்டினால் பல தலைமுறைக்கு மணல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் கணிக்க அளவீடு வேண்டும். ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் காங்ஸ் ஃபியார்டில் 2014 ஜூலையில் 192 மீட்டர் ஆழத்தில் இந்தியா நிறுத்திய இண்டார்க் என்ற கருவித் தொகுப்பு, நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஓட்டத்தையும் அளந்தது. அதில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் கை இருக்கிறது. எனக்கு இதில் உண்மையான பெருமை உண்டு.

மூன்றாவது சிக்கலை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்குக் கடற்பனிதான் சாலை. வேட்டைக்கும் உறவினர் ஊருக்கும் அதன் மேல்தான் போகிறார்கள். பனி உடைக்கும் கப்பல் அந்தச் சாலையை நடுவில் வெட்டிவிடும். பாஃபின் தீவின் மில்ன் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றுமதியை இரட்டிப்பாக்கும் திட்டம் வந்தபோது, கப்பல்கள் கூடினால் நார்வால் திமிங்கிலங்கள் விலகிப்போகும் என்று அந்த மக்கள் வாதாடினார்கள். 2021 பிப்ரவரியில், கடுங்குளிரில், வேட்டைக்காரர்கள் அந்தத் தாதுச் சுரங்கத்தின் பாதையையும் விமான ஓடுதளத்தையும் மறித்து உட்கார்ந்தார்கள். 2022 நவம்பரில் கனடா அரசு அந்த விரிவாக்கத்தை மறுத்தது.