ஜாக்கி இறங்கினால் யார் பொறுப்பு?

துறையூரிலிருந்து பெரம்பலூர், முசிறி, ஆத்தூர், நாமக்கல் என்று நாலா பக்கமும் சாலை பிரிகிறது. நெல் மூட்டை, சின்ன வெங்காயம், கரும்பு, ஜல்லி என்று பாரம் ஏற்றிய லாரிகளும் டிப்பர்களும் டிராக்டர் டிராலிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இந்தச் சாலையோரத்து டயர் கடைகளில், கையால் அடித்து ஏற்றும் பாட்டில் ஜாக்கி இருந்த இடத்துக்கு இன்று ஏர் ஜாக்கி வந்துவிட்டது. கம்ப்ரசர் குழாயை மாட்டி லீவரை அழுத்தினால் போதும், பத்து டன் பாரமும் ஒரு நிமிடத்தில் எழும்பி நிற்கும். அந்த வேகத்தில் மறந்துபோவது ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் ஓர் உயிர் படுத்திருக்கிறது. அதை அந்த நேரத்தில் காப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஓர் எஃகுக் குண்டும் ஒரு ரப்பர் வளையமும்தான். ஜாக்கி இறங்கி ஒருவர் நசுங்கிவிட்டால் அதைக் கெட்ட நேரம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். இதை நான் ஏற்கவில்லை. ஜாக்கி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் கைவிடுவதில்லை. பல நாட்களுக்கு முன்பே அது தன் குறையைக் காட்டிவிடுகிறது. அந்தக் குறையைப் படிக்கத் தெரிந்திருப்பது அடியில் படுத்து வேலை செய்பவரின் முதல் பாதுகாப்பு. விபத்து நடந்துவிட்டால் அவருடைய குடும்பத்தின் கையில் இருக்கும் வலுவான சாட்சியமும் அதுவே.

ஏர் ஜாக்கி என்று நாம் சொன்னாலும், பாரத்தைத் தூக்குவது காற்று இல்லை, ஆயில்தான். அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை வைத்து, இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜாக்கியும் அதே விதியில்தான் இயங்குகிறது. உள்ளே இரண்டு பிஸ்டன்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அகலமான பிஸ்டனைக் காற்று தள்ளுகிறது. அதன் நுனியில் உள்ள ஒல்லியான பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. கணக்குக்காக, காற்றுப் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டமும் ஆயில் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் ஒன்று மற்றதைப் போல 49 மடங்கு. 100 பிஎஸ்ஐ காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம், ஆயில் பக்கத்தில் 343 கிலோவாகப் பெருகுகிறது. அந்த ஆயில், பாரத்தைத் தாங்கி எழும் தண்டான ராமின் அடியில் தள்ளும்போது, அதன் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால், ஒன்பதரை டன்னுக்கும் மேல் தூக்கும் விசை கிடைக்கிறது. உராய்வில் கொஞ்சம் போனாலும் மிச்சம் போதும். 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிப்பின்படி நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சு 11.5 டன் வரை சுமக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கிக்கு வருவது ஏறத்தாழ அதில் பாதி. ஆகவே 20 டன் என்று பொறித்த நல்ல ஜாக்கிக்குத் தூக்குவது ஒரு சிரமமே இல்லை. ஆபத்து தூக்கிய பிறகு, அப்படியே தாங்கி நிற்கும் நேரத்தில் இருக்கிறது.

அந்தத் தாங்குதல் எப்படி நடக்கிறது என்பதை வயல்காட்டு மோட்டாரின் ஃபுட் வால்வை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் அந்த வால்வு தண்ணீரை மேலே போகவிடும், கீழே திரும்ப விடாது. அதில் ஒரு சருகு சிக்கினாலும் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். ஜாக்கிக்குள் ஆயில் திரும்பாமல் தடுக்கும் எஃகுக் குண்டும் அப்படித்தான். காற்றுக் குழாயைக் கழற்றினாலும் வண்டி நிற்பது அந்தக் குண்டு தன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருப்பதால்தான். அதன் கீழே மணல் துகள் ஒன்று, இரும்புத் தூள் கொஞ்சம் சேர்ந்தால் வண்டி மெல்ல மெல்ல இறங்கும். முதலில் அரை மணிக்கு ஒரு விரல் அளவு. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு விரல். இறங்கினால் இன்னொரு முறை லீவரை அழுத்தி ஏற்றிக்கொள்வது பல பட்டறைகளில் பழக்கமாகிவிடுகிறது. இந்தப் பழக்கம்தான் ஆளைக் கொல்கிறது.

எனவே குறைகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த இறக்கம். இதற்குக் காற்றுப் பக்கத்தில் காரணம் தேடிப் பயனில்லை. கம்ப்ரசரும் குழாயும் எப்படி இருந்தாலும் தூக்கிய பாரம் அவற்றால் இறங்காது. ராமைச் சுற்றி ஆயில் கசிந்து ஈரமாக இருந்தால் ராமின் சீல் தேய்ந்திருக்கிறது. வெளியே காய்ந்திருந்தும் இறங்குகிறது என்றால் பாரத்தை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வின் இருக்கையிலோ குண்டின் இருக்கையிலோ அழுக்கு, அல்லது தேய்மானம். சந்தேகம் இருந்தால், வண்டிக்கு அடியில் எஃகு ஸ்டாண்டு வைத்து, அதற்குச் சற்று மேலே மட்டும் வண்டியை நிறுத்தி, ஆட்கள் யாரும் அடியில் இல்லாதபோது ராமில் சாக்பீஸால் கோடு போட்டுப் பத்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு நகர்ந்தால் அந்த ஜாக்கியை அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

மற்றக் குறைகள் வேலையைக் கெடுப்பவை. உடனே உயிரைக் கெடுப்பவை அல்ல. காற்று மோட்டார், அதாவது காற்றுப் பிஸ்டன் உள்ள பகுதி, படபடவென்று அடிக்கிறது, ராம் அசையவில்லை என்றால் ரிலீஸ் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது ஆயில் குறைவு, அல்லது ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது. பாரம் இல்லாமல் ரிலீஸ் வால்வைத் திறந்துவைத்துச் சில விநாடிகள் மோட்டாரை ஓடவிட்டு மூடினால் புகுந்த காற்று வெளியேறும். பாதி உயரத்தில் நின்றுவிட்டால் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ராமை முழுதாக இறக்கிய பிறகே பார்க்க வேண்டும். ஏறிய நிலையில் ஆயில் ஊற்றினால் இறங்கும்போது இடம் போதாமல் பிதுங்கும். மோட்டார் சோம்பலாக ஓடினால் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீர், அடைத்த ஃபில்டர், ஒல்லியான நீண்ட குழாய், வறண்டுபோன காற்று மோட்டார் என்று வரிசையாகச் சந்தேகப்படலாம். வெறுமனே ஏறுகிறது, பாரம் வைத்தால் ஏறவில்லை என்றால் சிலர் ஓவர்லோடு வால்வின் திருகைத் திருகிப் பார்க்கிறார்கள். அந்தத் திருகு ஜாக்கியின் தாங்கும் எல்லையைக் காப்பதற்கென்று தயாரிப்பாளர் அமைத்தது. பட்டறையில் அதைத் தொடவே கூடாது. ஊற்ற வேண்டியது ஹைட்ராலிக் ஆயில் மட்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். பால் போல வெளுத்த ஆயில் என்றால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும். இன்னொன்று: கசியும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. முந்நூறு கிலோ அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே குண்டூசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குச் சேதம் நடக்கும். வலி இல்லையே என்று காத்திருக்காமல், உள்ளே போனது ஆயில் என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் எழுதினால் ஆளாளுக்கு ஜாக்கியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் எழும். நியாயமான அச்சம்தான். ஆனால் ஆயில் அளவு, குழாய், தண்ணீர் வடித்தல், காற்று நீக்குதல் ஆகியவை மட்டுமே கடைக்காரர் தானே செய்துகொள்ளக் கூடியவை. குண்டு, இருக்கை, சீல் எல்லாம் சர்வீஸ் செய்பவரின் வேலை. குறையை அறிந்துகொள்வதும் பழுதுபார்ப்பதும் வேறு வேறு. இரண்டாவது ஆட்சேபம் செலவும் நேரமும். சாலையில் நிற்கும் டிரைவர் அவசரப்படுத்துகிறார், ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு வேலை செய்ய எங்கே நேரம் என்கிறார்கள். பாரம் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி ஒரு லாரி டயரின் விலைகூட வராது. வைத்து எடுக்க ஆகும் நேரம் ஒரு போல்ட்டைக் கழற்றும் நேரம். எஃகு ஸ்டாண்டுக்குச் சீலும் இல்லை, வால்வும் இல்லை, அதனால் மெல்ல இறங்கவும் வழி இல்லை. மழைக்குப் பிறகு மண் நெகிழ்ந்த சாலையோரத்தில் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ இல்லாமல் தூக்குவது, நல்ல ஜாக்கியையும் சாய்த்துவிடும். அனுபவசாலிக்கு இதெல்லாம் வேண்டாம் என்பதையும் என்னால் ஒப்ப முடியவில்லை. அனுபவம் மனிதரின் கைக்கு உதவும். அடைபட்ட ஆயிலுக்கு அது தெரியாது.

இனி உரிமைப் பக்கம். 2016 டிசம்பர் 1 அன்று துறையூர் அருகே முருங்கப்பட்டியில் வெடிபொருள் ஆலை வெடித்துப் பலர் இறந்தபோது மாநிலமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் வேலை செய்யும் டயர் கடையில் ஒருவர் நசுங்கினால் மறுநாள் பேச்சு அடங்கிவிடும். பெரிய ஆலைக்குத்தான் சட்டம், சின்னக் கடைக்கு இல்லை என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அது தவறு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு வராமல் போகலாம்; ஆனால் அதற்குள் வராத தொழிலாளிக்காகவே வேலையாள் இழப்பீட்டு உரிமை இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அந்த உரிமையை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசரை வைத்து வண்டி பழுதுபார்க்கும் இடமும் இதன் வரம்புக்குள் வருவதுதான். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்பதைக் காட்டினால் போதும். முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

இழப்பீடு முதலாளி மனமிரங்கித் தரும் தொகை கிடையாது, கணக்குப் போட்டு வருவது. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கான காரணி 216.91. சம்பளம் 15,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளப்பட்டால் 7,500ஐ 216.91ஆல் பெருக்க, 16,26,825 ரூபாய் வருகிறது. முழு நிரந்தர ஊனம் என்றால் பாதிக்குப் பதிலாக 60 விழுக்காடு. இவ்வளவு உரிமை உள்ள குடும்பத்திடம் காரியச் செலவுக்கு என்று கொஞ்சம் பணம் கொடுத்து, வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்வது நடக்கிறது. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் சட்டத்தின் முன் செல்லாது. அவன் ஸ்டாண்டு வைக்கவில்லை, அவன் தவறு என்ற வாதமும் மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. இவை இரண்டும் தவிர்ந்த காயங்களில் மட்டும், குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது போன்ற காரணங்களை முதலாளி எழுப்ப முடியும். அப்போதும் கடையில் ஸ்டாண்டே இல்லை என்றால் எந்த விதியை மீறினார் என்ற கேள்வி எழும். நசுங்கியவர் லாரியின் டிரைவரோ கிளீனரோ என்றால் கோர வேண்டியது லாரி உரிமையாளரிடம். அவர்களுக்கான பிரீமியம் கட்டியிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் பொறுப்பேற்கும். வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால், நின்றுபோன வண்டியும் பயன்பாட்டில் உள்ள வண்டிதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருக்கிறது.

ஜாக்கியே தயாரிப்புக் குறையோடு வந்திருந்தால் கடைக்காரருக்கும் வழி உண்டு. தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவர் வாங்கும் கருவி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கம் என்று ஒதுக்கப்படாது. தவறான தயாரிப்புக்கு மட்டுமல்லாமல், போதிய எச்சரிக்கையும் பயன்பாட்டுக் குறிப்பும் தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பாவார். எங்கே வாங்கியிருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, துறையூர்க்காரர் என்றால் திருச்சியிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். இதற்கு வேண்டியது ஒன்றுதான்: பில். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய ஜாக்கிக்காக யாரிடமும் போய் நிற்க முடியாது.

வாகனம் பழுதுபார்க்கும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் ஓட்டுநர்களோடு சேர்த்துத் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டால் விபத்து உதவிக்கு இன்னொரு வாசல் திறக்கும். இழப்பீட்டு உரிமை அதனால் குறையாது. 14 வயது நிறையாத பையனைத் தொழில் பழக என்று வைத்துக்கொள்வது குற்றம். பார்த்தவர் 1098இல் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்.

விபத்து நடந்த அன்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஆனால் அன்றே செய்ய வேண்டும். 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போனால், வேலை செய்யும்போது ஜாக்கி இறங்கி நேர்ந்தது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். கீழே விழுந்தார் என்று எழுதிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு பொருந்தும். திருச்சியில் உள்ள தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். இவற்றோடு அந்த ஜாக்கியையும் காப்பாற்ற வேண்டும். மறுநாளே அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடலாம், அல்லது புது சீல் மாட்டி எதுவும் நடக்காதது போல வைக்கப்படலாம். ராமைச் சுற்றிய ஆயில் ஈரம், தகட்டில் பொறித்த டன் அளவு, திருகப்பட்ட ஓவர்லோடு வால்வு, அடியில் வைத்த பலகை, ஸ்டாண்டு இல்லாத வெறும் தரை எல்லாவற்றையும் கையில் இருக்கும் போனில் படமெடுத்து, ஜாக்கியைக் கைப்பற்றச் சொல்லிப் புகாரிலேயே எழுதிக் கொடுத்து, மனு ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டும்.